ஃபிட்ஸ்ராயைக் கொன்றது டார்வின் அல்ல

டார்வின் கதையைச் சொல்கிறவர்கள் ராபர்ட் ஃபிட்ஸ்ராயை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் கேப்டன், பைபிள் பித்தர், பரிணாமக் கொள்கைக்குத் தானே வழிவிட்டுவிட்டோமே என்று நொந்து கழுத்தை அறுத்துக்கொண்டவர். கேட்கச் சுவையான கதைதான். ஆனால் 1865 ஏப்ரல் 30 அன்று சவரக் கத்தியை எடுத்த அந்த மனிதர், அதற்கு முந்தைய 11 ஆண்டுகள் என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்பதில்லை.

மனச்சோர்வு அவருக்குப் புதிதல்ல. தாய்மாமன் காசல்ரே 1822இல் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தவர். பீகிளின் முந்தைய கேப்டன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டதால்தான் 23 வயதில் அந்தக் கப்பல் இவர் கைக்கு வந்தது. 1834இல் வால்பரைசோவில் மனமுடைந்து பதவி விலகக் கிளம்பியவரைச் சகாக்கள் தேற்றி நிறுத்தினார்கள். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்ததோ 1859இல்!

1860இல் பரிணாமம் பற்றிய ஆக்ஸ்ஃபோர்டு விவாதத்தில் அவர் பைபிளைத் தூக்கிப் பிடித்தது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் அந்த ஊருக்கு அவர் போனதே புயல்களைப் பற்றிக் கட்டுரை வாசிக்க. அதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

1854 முதல் பிரிட்டிஷ் வணிக வாரியத்தின் வானிலைத் துறை அவர் பொறுப்பில் இருந்தது. 1859 அக்டோபர் புயலில் ராயல் சார்ட்டர் கப்பல் ஆங்கில்சி தீவின் பாறைகளில் மோதி நொறுங்க, நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காற்றைவிடத் தந்தி வேகமானது. பிறகு ஏன் மாலுமி சாக வேண்டும் என்பதே ஃபிட்ஸ்ராயின் வாதம். கரையோர நிலையங்களின் காற்றழுத்த அளவுகளைத் தந்தியில் வரவழைத்தார். 1861 பிப்ரவரி முதல் ஆபத்து நெருங்கினால் துறைமுகக் கம்பங்களில் கூம்பும் உருளையும் ஏறின. (நாகையில், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய செய்தியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா?) அதே ஆண்டு ஆகஸ்டில் டைம்ஸ் நாளிதழ் அவருடைய முன்னறிவிப்புகளை அச்சிடத் தொடங்கியது.

கணிப்பு பொய்த்த நாளெல்லாம் ஏளனம். வேலைப்பளு, கெட்டுப்போன உடல்நிலை, பொதுப்பணிகளுக்கே கரைந்துபோன சொந்தச் சொத்து: இத்தனையையும் ஒதுக்கிவிட்டு, மதவெறி என்று ஒற்றைச் சொல்லில் மரணத்தை விளக்குவது சோம்பேறித்தனம். குடும்பம் கடனில் நின்றது. நண்பர்கள் நிதி திரட்டினார்கள். டார்வினும் பணம் தந்தார்.

அவர் போன மறு ஆண்டே, அறிவியலாளர் கால்ட்டன் தலைமையிலான குழு அந்த முறைக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று தீர்ப்பெழுத, 1866 டிசம்பரில் எச்சரிக்கைகள் நின்றன. கடலுக்குப் போகிறவர்கள் விடவில்லை. 1867இல் கூம்பு மறுபடியும் கம்பத்தில் ஏறியது.