மலையில் வேலை, அடிவாரத்தில் வீடு

உடும்பஞ்சோலை வட்டத்து ஏலத் தோட்டங்களில் காய் எடுக்கும் தமிழ்ப் பெண்களுள் கணிசமானோர் உடும்பஞ்சோலையில் குடியிருப்பதில்லை. போடியிலும் தேவாரத்திலும் கோம்பையிலும் கம்பத்திலும் அவர்களுடைய வீடுகள் இருக்கின்றன. விடியும் முன்பே சோற்றுத் தூக்குடன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலைக்குப் போய், பொழுது சாயும் வேளையில் இறங்கி வருகின்றனர். மலையில் கூலி அதிகம், தண்ணீருக்குப் பஞ்சமில்லை, கோடையிலும் வெயில் சுடுவதில்லை. அப்படியிருந்தும் ஏன் இக்குடும்பங்கள் மலையிலேயே குடியேறிவிடவில்லை?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை ‘மண் பாசம்’ என்பது. குலதெய்வம், உறவுமுறை, சொந்த ஊர்ப் பற்று ஆகியவை அவர்களைக் கீழேயே கட்டிப்போட்டிருப்பதாகக் கேரளத்து அதிகாரிகளும் சொல்வதுண்டு. தமிழ்நாட்டு எழுத்தாளர்களும் சற்றுக் கனிவுடன் சொல்வதுண்டு. பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் குடும்பத்தை எங்கே இருத்துவது என்பதைப் பாசம் மட்டும் முடிவு செய்வதாக நினைப்பது அப்பெண்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும். அவர்கள் போடும் கணக்கு வேறு. அந்தக் கணக்கில் நிலம், சான்றிதழ், மகளின் படிப்பு ஆகிய மூன்றும் கூலியைவிடக் கனமானவை.

முதலில் நிலம். இம்மலைக்குக் குடும்பத்தோடு குடியேறியோர் எல்லோரும் ஒரே வாசல் வழியாக வந்தவர்கள் அல்லர். 1950-களின் நடுவில் திருவிதாங்கூர்-கொச்சி அரசு, பட்டம் தாணுப்பிள்ளையின் காலத்தில், உயர்மலைக் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. நெடுங்கண்டத்தை அடுத்த கல்லாறு பட்டம் காலனியில் குடும்பத்துக்குத் தலா 5 ஏக்கர் வழங்கப்பட்டது. தேவிகுளம், பீர்மேடு பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக்கொண்டிருந்த ஆண்டுகளும் அவையே. அந்தத் திட்டத்துக்கு உணவு உற்பத்தி ஒரு நோக்கம். மலையில் தமிழரின் எண்ணிக்கை மேலோங்காமல் பார்த்துக்கொள்வது இன்னொரு நோக்கம் என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் வட்டங்கள் தமிழகம் வந்தன. ஏலமலை கேரளத்தில் நின்றது.

மலையாளக் குடியேறிகளின் வாழ்வும் எளிதாக இருந்துவிடவில்லை. 1961-இல் அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டபோது, ஏ. கே. கோபாலன் குமுளியை அடுத்த அமராவதியில் உண்ணாநோன்பு இருக்க வேண்டியதாயிற்று. எனினும் அவர்களுக்குக் குரல் கொடுக்கக் கட்சிகள் இருந்தன, திருச்சபை இருந்தது, வாக்கு வலிமையும் இருந்தது. 1977 ஜனவரி 1-க்கு முன் காட்டு நிலத்தில் குடியேறியோருக்குப் பட்டா என்னும் தேதி அந்த வலிமையிலிருந்து பிறந்தது. அதற்கான சிறப்பு விதிகள் 1993-இல் வந்தன. அதே 1977-க்கு முன்பே மலையில் இருந்த தமிழ்த் தொழிலாளியிடம் அத்தேதியைக் காட்டிக் கேட்க நிலம் இல்லை. அவர் குடியிருந்தது முதலாளியின் லயத்தில். லயத்தில் நாற்பது ஆண்டு வாழ்ந்தாலும் அது ‘வசிப்பு’ ஆகுமே தவிர ‘அனுபோகம்’ ஆகாது. வேலையிலிருந்து நிற்கும் நாளில் வீட்டையும் விட வேண்டும். ஓய்வுபெற்றோர் பலர் அடிவாரத்தில் இரண்டு சென்ட் வாங்கி ஓடு வேய்ந்ததற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, சான்றிதழ். இதைப் பற்றி மலைக்கு வெளியே பேச்சு மிகக் குறைவு. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. அன்றைய தேதியில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வசித்ததோ, அந்த மாநிலத்தில்தான் அதற்குப் பட்டியல் சாதித் தகுதி. பறையரும் அருந்ததியரும் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உண்டு, கேரளப் பட்டியலிலும் உண்டு. ஆயினும் 1950-க்குப் பின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய பறையர் குடும்பம் கேரளத்தின் கணக்கில் பட்டியல் சாதி ஆகாது. அங்கேயே பிறந்த பிள்ளையும் ஆகாது. பூர்விக மாநிலத்தின் பெயரில் சான்று பெறலாம், மத்திய அரசின் இடஒதுக்கீட்டில் அது செல்லும். ஆனால் கேரள அரசின் வேலையோ கல்லூரி இடமோ பட்டியலினத்தார் என்ற தகுதியில் கிடைக்காது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்த நிலையை உறுதிசெய்தது. ஒரு சாதி ஒரு மாநிலத்தில் படும் இழிவு இன்னொரு மாநிலத்தில் அதே அளவில் இருக்க வேண்டியதில்லை என்பது அதன் தருக்கம். போடிக்கும் உடும்பஞ்சோலைக்கும் இடையே, ஒரே முதலாளியின் தோட்டத்துக்கும் கிடங்குக்கும் இடையே, அந்தத் தருக்கம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை ஜீப்பில் வருவோரிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கே இக்கேள்வி நேர்ந்தது. தேவிகுளம் தனித் தொகுதியில் 2021-இல் வென்ற அ. ராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. வழக்கில் மதமாற்றம் பற்றிய வாதம் ஒருபுறம் நடக்க, தாத்தாவும் பாட்டியும் திருநெல்வேலியிலிருந்து மூணாறுத் தோட்டத்துக்கு எந்த ஆண்டில் வந்தார்கள் என்பது மறுபுறம் அலசப்பட்டது. பேரனின் உரிமை, முன்னோர் மலையேறிய ஆண்டைப் பொறுத்ததாயிற்று. வழக்கறிஞர் வைத்து உச்ச நீதிமன்றம் வரை செல்லக் கட்சி பின்னால் நிற்கும் ஒருவருக்கு இது இயலும். காய் எடுக்கும் பெண்ணின் மகனுக்கு வட்டாட்சியர் அலுவலக வாசலோடு வழக்கு முடிந்துவிடும்.

மூன்றாவது, மகள். இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. கேரள அரசு தமிழில் பாடநூலும் அச்சிடுகிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மலையாளமும் கட்டாயம்; வாழும் மண்ணின் மொழியைக் கற்பதில் தவறேதும் இல்லை. சிக்கல் வேறிடத்தில். தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதல் உயர்கல்வி பயிலும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்க்கே. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை தேவை. மலையில் தமிழ்வழியில் படித்த சிறுமி தமிழ்நாட்டுக்கு அயலாள். சாதிச் சான்றில் கேரளத்துக்கும் அயலாள். இதை அறிந்த தாய், மகள் ஐந்தாம் வகுப்பை முடித்ததும் அவளைப் பாட்டியோடு அடிவாரத்தில் விடுகிறாள். பிறகு குடும்பமே இறங்கிவிடுகிறது. உழைப்பு மட்டும் நாள்தோறும் மலையேறுகிறது.

அடிவாரத்தைத் தேர்ந்தவர் தரும் விலையும் சிறிதன்று. ஆடிச் சாரலில், மூடுபனியில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப் வளைவுகளில் கவிழ்ந்த செய்தி தேனி மாவட்ட நாளிதழ்ப் பக்கங்களுக்குப் புதிதல்ல. தூக்கத்தின் பெரும்பகுதி வண்டியிலேயே கழிகிறது. எல்லை மூடினால் அடுப்பு அணைகிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றம் மூண்டபோது சாலைகள் அடைபட்டன. தோட்டங்களில் தங்கியிருந்த தமிழர் பலர் உயிருக்கு அஞ்சிக் காட்டுப் பாதைகளில் இறங்கி வந்தனர். 2020-இல் பெருந்தொற்று ஊரடங்கின்போது சோதனைச் சாவடிகள் மீண்டும் மூடின. முதல் முறை மேலே குடியிருந்தவர் தவித்தார், இரண்டாம் முறை கீழே குடியிருந்தவர் தவித்தார். எந்தப் பக்கம் வீடு வைப்பது பாதுகாப்பு என்று யாரால் சொல்ல முடியும்?

இடையில் ஒரு செய்தி. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் குளிர்ந்த காற்றை நாடி உடும்பஞ்சோலைப் பக்கம் மனை பார்க்க வருவோர் பெருகியிருக்கின்றனர். சதுரங்கப்பாறையின் காற்றாலைகளையும் கீழே விரியும் பள்ளத்தாக்கையும் கண்டதும் முன்பணம் கொடுத்துவிடுகின்றனர். 1964-ஆம் ஆண்டு விதிகளின்படி வழங்கப்பட்ட பட்டா நிலம் பயிருக்கும் குடியிருப்புக்கும் மட்டும் உரியது. அதில் கடையோ விடுதியோ கட்டியதால் எழுந்த தகராறுகளுக்காகவே 2023-இல் கேரளச் சட்டமன்றம் நில ஒதுக்கீட்டுச் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. ஏலமலைக் காப்புப் பகுதி காடா, வருவாய் நிலமா என்னும் வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் புதிய பட்டாக்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பணம் உள்ளவருக்கும் இம்மலை காகிதத்தைத்தான் முதலில் கேட்கிறது. அவர் ஏமாந்தால் ஒரு முதலீடு போகும். கூலிக் குடும்பம் ஏமாந்தால் ஒரு தலைமுறையின் படிப்பு போகும்.

நாள்தோறும் எல்லை கடக்கும் தொழிலாளர் உலகில் வேறெங்கும் இல்லாதவர் அல்லர். பிரான்சில் வீடும் ஜெனிவாவில் வேலையுமாகப் பெருந்தொகையினர் வாழ்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, நாள்தோறும் அல்லது வாரத்துக்கு ஒருமுறையேனும் வீடு திரும்பும் இத்தகையோரை ‘எல்லைத் தொழிலாளர்’ என்று தனியே வரையறுக்கிறது; மருத்துவ உதவியை இரு நாட்டிலும் பெறவும் வழி செய்கிறது. இரண்டு இறையாண்மை நாடுகளால் இயன்ற ஒன்று, ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்களால் இயலவில்லை. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஊரைவிட்டுப் போய்த் தங்குபவரை மனத்தில் கொண்டே எழுதப்பட்டது. மாலையில் வீடு திரும்புபவரின் ஜீப்புக்கு அது நடைமுறையில் இருந்த காலத்திலும் அதில் இடமிருக்கவில்லை. ரேஷன் அரிசி மட்டும் ‘ஒரே நாடு ஒரே அட்டை’யால் எல்லை கடந்திருக்கிறது.

சென்னையும் திருவனந்தபுரமும் முல்லைப் பெரியாற்றுக்காக எத்தனையோ முறை ஒரே மேசையில் அமர்ந்திருக்கின்றன. தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்களும் கூடிப் பேசாதவர்கள் அல்லர். இடுக்கியின் தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற மாணவியைப் புதுமைப் பெண்ணுக்குத் தகுதியானவளாக ஏற்கத் தமிழ்நாட்டுக்கு ஓர் அரசாணை போதும். தோட்டத்து வேலைப் பதிவேட்டை வசிப்புச் சான்றாக ஏற்கக் கேரளத்துக்கு ஒரு சுற்றறிக்கை போதும். 1950 என்னும் வரம்பை மாற்றுவதுதான் நாடாளுமன்றத்தின் வேலை. மற்றவற்றுக்கு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

தமிழர் இறங்கிப் போனதால் காலியான லயங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. போடிக்கு ஜீப்பில் திரும்பிப் போவது போல அவர்களால் நாள்தோறும் ஊர் திரும்ப முடியாது. குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கின்றனர். அக்குழந்தைகளில் சிலர் உடும்பஞ்சோலையிலேயே பிறந்தவர்கள். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவர்களும் சாதிச் சான்றுக்கு விண்ணப்பிப்பார்கள்.