சாஃப்ட்வேருக்கு முன்னால் சம்மதம்

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் 'புராடக்ட் மேனேஜர்' என்று ஒரு பதவி உண்டு. புரோகிராம் எழுதுவது இவர் வேலையில்லை. விற்பதும் இவர் வேலையில்லை. பணம் போடுபவரும் இவரில்லை. ஆனால் எழுதுபவர், விற்பவர், பணம் போடுபவர், பயன்படுத்துபவர் ஆகிய எல்லோரையும் ஒரே திசையில் நடக்க வைப்பது இவருடைய பொறுப்பு. இந்தத் தரப்பினரை 'ஸ்டேக்ஹோல்டர்கள்' என்பார்கள். நாம் 'சம்பந்தப்பட்டவர்கள்' என்று வைத்துக்கொள்வோம்.

"இது பெங்களூர் சமாச்சாரம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எனக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குடியிருப்போர் சங்கத்தின் கணக்கை கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும்படி உங்களிடம் கேட்கிறார்கள். ஊர்ப் பள்ளிக்கு ஒரு வெப்சைட் செய்து தரச் சொல்கிறார்கள். ஒப்புக்கொண்ட நிமிடமே நீங்களும் புராடக்ட் மேனேஜர்தான். சம்பளம் மட்டும் கிடையாது!

இந்த வேலைக்குப் பாடம் சொல்லும் புத்தகங்களில் பெரும்பாலும் அமெரிக்கக் கம்பெனிகளின் கதைதான் இருக்கும். பாகூர்க்காரனான எனக்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது, வில்லியனூரில்.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் நிதியுதவியோடு புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர்தான் தலைமை மையம். இன்டர்நெட்டிலிருந்தும் அரசு அலுவலகங்களிலிருந்தும் தகவல்களைத் திரட்டித் தமிழில் தயார் செய்வார்கள். பிறகு தொலைபேசி வழியாகவும் வி.எச்.எஃப். ரேடியோ வழியாகவும் கிராமங்களுக்கு அனுப்புவார்கள். கரன்ட் போனால் சமாளிக்க சோலார் தகடுகளும் இருந்தன. அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதும் கிடைத்தது.

ஆனால் என்னைக் கவர்ந்தது அந்த ரேடியோ அல்ல. கம்ப்யூட்டர் கிராமத்துக்குப் போவதற்கு முன் நடந்த பேச்சுவார்த்தைதான். ஊர் இலவசமாக ஒரு பொது இடம் தர வேண்டும். மையத்தை நடத்த ஊரிலிருந்தே தொண்டர்கள் வர வேண்டும், அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தலித் மக்கள் உட்பட எல்லோரும் உள்ளே வரலாம் என்று ஊர் சம்மதிக்க வேண்டும். இதற்கெல்லாம் சரி என்றால்தான் கம்ப்யூட்டர்.

கடைசி நிபந்தனையின் எடை நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எம்பலம் கிராமத்தில் மையத்துக்கு இடம் கிடைத்தது கோயில் கட்டடத்தில். கோயிலின் ஒரு வாசலில் தலித் மக்களுக்கும் மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கும் அனுமதியில்லை. அதே கட்டடத்தில் கம்ப்யூட்டர் இருந்த அறையின் வாசலில் யாருக்கும் தடையில்லை. 2000-ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இந்த இரண்டு வாசல்களைப் பற்றி எழுதியது.

கோயில் வழக்கத்தையே மாற்றுகிறேன் என்று நிறுவனம் கிளம்பியிருந்தால் அந்த அறை கிடைத்திருக்காது. 'இடம் தருவதே பெரிசு, யார் வரலாம் என்பதை ஊர்ப் பெரியவர்களே முடிவு செய்யட்டும்' என்று விட்டிருந்தால் அறை கிடைத்திருக்கும், ஆனால் யாருக்காக வந்தார்களோ அவர்கள் வெளியே நின்றிருப்பார்கள். அவர்கள் செய்தது இரண்டுக்கும் நடுவே ஒரு காரியம். விட்டுக்கொடுக்க முடியாதது எது என்பதை முதல் நாளே சொன்னார்கள். மற்றதையெல்லாம் ஊரோடு பேசிக்கொண்டார்கள்.

என் கருத்தில், சம்பந்தப்பட்டவர்களைச் சமாளிக்கும் கலை இவ்வளவுதான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பட்டன் என்ன நிறம், எந்த ரிப்போர்ட் முதலில் வர வேண்டும் என்பதற்கெல்லாம் வரிந்துகட்டிச் சண்டை போடுவார்கள். யாருக்காக அந்த சாஃப்ட்வேர் என்ற கேள்வி வரும்போது மட்டும் பணம் கொடுப்பவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

நான் பார்த்த ஒரு பால் சங்கத்தில் கம்ப்யூட்டர் பில் வந்தது. நிர்வாகிகளுக்கு அழகழகான ரிப்போர்ட்கள். பால் ஊற்றும் பெண்களுக்கோ கொழுப்பு அளவும் விலையும் ஆங்கிலத்தில் அச்சான ஒரு துண்டுச் சீட்டு. படிக்க முடியாத சீட்டை யார் நம்புவார்கள்? பழையபடி அட்டையில் கையால் எழுதித் தரச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அங்கே வேலை இரட்டிப்பானது. சாஃப்ட்வேரில் பிழை எதுவும் இல்லை. கூட்டத்துக்கு அந்தப் பெண்களைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

வில்லியனூர்க்காரர்கள் இந்த இடத்தில் கெட்டிக்காரர்கள். மக்கள் இப்போது தகவலை எங்கிருந்து பெறுகிறார்கள், அவர்களுக்கு என்ன தகவல் தேவை என்று முதலில் விசாரித்தார்கள். அதனால் எல்லா ஊருக்கும் ஒரே சரக்கைக் கொடுக்கவில்லை. விவசாய கிராமத்துக்கு விளைபொருள் விலை, உர விலை, அரசு உதவித் திட்டங்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு நெல் விலை எதற்கு? நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்பதுதான் அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டிலிருந்து வங்கக் கடல் அலை உயர முன்னறிவிப்பை டவுன்லோட் செய்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். கம்ப்யூட்டரைத் தொடாதவருக்கும், எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் அந்தத் தகவல் போய்ச் சேர்ந்தது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே வேலை பார்த்த ஊர்க்காரர், டி.வி. செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டை எச்சரித்தார். ஊர் மக்கள் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொல்லி அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஆனால் மக்கள் உயிர் தப்பினார்கள். அந்த நேரத்தில் வில்லியனூருக்கு போன் போட்டு அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? மையத்தை ஊர் தன்னுடையதாக நினைத்ததால்தான் ஒலிபெருக்கியை உடனே கையில் எடுக்க முடிந்தது. அந்த உரிமையை எந்த சாஃப்ட்வேரிலும் இன்ஸ்டால் செய்ய முடியாது.

"ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லோரிடமும் கேட்க வேண்டும், எல்லோர் சொல்வதையும் செய்ய வேண்டியதில்லை. எல்லாருக்கும் தலையாட்டுபவர் கடைசியில் யாருக்கும் உதவாத ஒன்றைத்தான் செய்து வைப்பார். எதைச் செய்யப்போவதில்லை, ஏன் என்பதை அவரவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் பாதிப் பகை அங்கேயே தீரும்.

இன்று அந்த வி.எச்.எஃப். ரேடியோக்கள் தேவையில்லை. அலை உயர முன்னறிவிப்பை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனமே தருகிறது. மீனவர் கையில் செல்போன் இருக்கிறது. கருவிகள் மாறிவிட்டன. ஆனால் யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி செல்போன் ஆப்களிலும் அப்படியே இருக்கிறது. ஓ.டி.பி. வந்தால்தான் விண்ணப்பம் என்றால், சொந்த போன் இல்லாத மூதாட்டி எங்கே போவார்?

அடுத்த முறை உங்களிடம் யாராவது ஒரு சாஃப்ட்வேரோ வெப்சைட்டோ செய்து தரச் சொன்னால், மவுஸைத் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். ஐந்து பேரை எழுதுங்கள்: பணம் தருபவர், இடம் தருபவர், தினமும் இயக்கப்போகிறவர், பயனடைய வேண்டியவர், இதனால் வருமானமோ செல்வாக்கோ குறையப்போகிறவர். ஐந்து பேரையும் நேரில் போய்ப் பாருங்கள். ஐந்தாவது ஆளை விட்டுவிடாதீர்கள், வேலையை நிறுத்தப்போவது பெரும்பாலும் அவர்தான். பயனடைய வேண்டியவரை மட்டும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை அவர் உங்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்.

பிறகு விட்டுக்கொடுக்க முடியாத ஒரு வரியைத் தாளின் தலைப்பில் எழுதி, எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். அதற்கு யாராவது சம்மதிக்கவில்லை என்றால் கம்ப்யூட்டரை ஆன் செய்ய வேண்டாம்.