கறியும் தோலும்



சத்துவாச்சாரியிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. அவருடைய அப்பாவுக்கு ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் வேலை. ஆங்கில அகராதியில் 'கர்ரி' என்ற சொல்லைத் தேடியவருக்கு இரண்டு தனித்தனிப் பதிவுகள் கிடைத்தன. ஒன்று, நாம் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் குழம்பு. இன்னொன்று, பதனிட்ட தோலைத் தேய்த்துச் செம்மை செய்யும் வேலை. "ஆம்பூரில் பிரியாணியும் தோலும் ஒன்றாக இருக்கிற மாதிரி இந்த இரண்டும் ஒரே சொல்தானா சார்?" என்று கேட்கிறார்.

இல்லையம்மா. எழுத்து ஒன்றுதான், பிறந்த இடம் வேறு வேறு.

முதலில் நம் வீட்டுச் சொல். சங்க இலக்கியத்தில் கறி என்றால் மிளகு. மிளகிட்டுச் சமைத்த பண்டத்துக்கும் அந்தப் பெயர் ஆகி வந்தது என்பது அறிஞர் பலருடைய கருத்து. இன்று வேலூர்ப் பக்கம் "கறி எடுத்துட்டு வா" என்றால் யாரும் கத்தரிக்காய் வாங்கி வரமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலோ கத்தரிக்காய்க் கறியும் கறிதான். மேற்குக் கரையில் இறங்கிய போர்ச்சுக்கீசியர் இந்தச் சொல்லை 'கரீல்' ஆக்கிக்கொண்டார்கள். கோவாவில் தங்கியிருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டனின் பயண நூல் 1598-இல் ஆங்கிலத்தில் வந்தது. சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடும், கொஞ்சம் புளித்த மீன் சாற்றைப் பற்றி அதில் ஒரு குறிப்பு உண்டு. பெயர் கொஞ்சம் மாறியிருந்தாலும் அது மீன் குழம்புதான் என்று நமக்குத் தெரியாதா? 1747-இல் ஹன்னா கிளாஸ் தம் சமையல் நூலில் இந்திய முறைக் கறிக்குச் செய்முறை எழுதினார். பாட்னாவில் பிறந்த தீன் முகமது 1810-இல் லண்டனில் இந்திய உணவகமே திறந்துவிட்டார். 1886-இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இந்தச் சொல்லின் மூலம் தமிழ் என்று பதிவு செய்தது.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 14-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்த ஒரு நூலின் தலைப்பில் 'க்யூரி' என்ற சொல் வருகிறது. அதைக் காட்டி, கறி ஆங்கிலேயருடையதே என்று வாதிடுபவர்கள் உண்டு. அது சமையலைக் குறிக்கும் பிரெஞ்சு வழிச் சொல். நம் கறிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இனி தோலுக்கு வருவோம். இந்த 'கர்ரி' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆயத்தப்படுத்துவது என்று பொருள். இன்று பேருந்து நிலையத்திலும் கல்யாண மண்டபத்திலும் "ரெடியா?" என்று கேட்கிறோமே, அந்த ரெடிக்கும் இதற்கும் வேர் ஒன்று. குதிரையைத் தேய்த்து விடுவதற்கும் இதே சொல்தான். ஒருவரிடம் காரியம் சாதிக்கக் காக்கா பிடிப்பதை ஆங்கிலத்தில் 'கர்ரி ஃபேவர்' என்பார்கள். 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு பிரெஞ்சுக் கேலிக் கவிதையில் ஃபோவெல் என்று ஒரு குதிரை. பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையில் நின்று அதைத் தேய்த்து விடுவார்கள். நாளடைவில் ஃபோவெல் மருவி 'ஃபேவர்' ஆகிவிட்டது. அவர்கள் குதிரை தேய்த்தார்கள், நாம் காக்கா பிடிக்கிறோம், நோக்கம் ஒன்றுதான்!

பதனிட்டு முடித்த தோல் விறைப்பாக இருக்கும். அதைச் சீவிக் கனத்தைச் சமன் செய்து, எண்ணெயும் கொழுப்பும் ஏற்றி, இழுத்து, மெருகிட்டால்தான் செருப்புக்கும் சேணத்துக்கும் ஆகும். இங்கிலாந்தில் இதைச் செய்பவர் 'கர்ரியர்'. பதனிடுபவர் வேறு, இவர் வேறு. லண்டனில் கர்ரியர்களுக்கென்று தனிச் சங்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

நம் ஊர்க்கதை இங்கேதான் சேர்கிறது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பல காலம் லண்டனுக்குக் கப்பலேறியது. 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்பது அங்கே அதன் சந்தைப் பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸுக்கும் அது பயன்பட்டது. பாதி வேலை இங்கே, கடைசி மெருகும் அதற்கான காசும் அங்கே. 1972-இல் மத்திய அரசின் சீதாராமய்யா குழு இதை மாற்றச் சொன்னது. 1973 முதல் மத்திய அரசு பாதி வேலை முடிந்த தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதன் பிறகுதான் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் ஃபினிஷிங் வேலை பெருகியது. தோலோடு நிற்காமல் ஷூவும் கப்பலேறியது. இந்தத் தொழிலின் கழிவு பாலாற்றுக்கு வைத்த சுமையும் சிறியதல்ல. 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பு அதற்குச் சாட்சி.

ஆக, நம் கறி லண்டன் போனது. அவர்களுடைய 'கர்ரி' வேலை பாலாற்றங்கரைக்கு வந்தது. ஒரே எழுத்தில் இரண்டு சொற்கள் அமைந்தது தற்செயல். இந்த இடமாற்றமோ தற்செயல் அல்ல. சமைத்தவர்களும் உழைத்தவர்களும் வியாபாரிகளும் அரசாணைகளும் சேர்ந்து நடத்தியது.

கர்ரியரின் கைவேலை இயந்திரத்துக்குப் போன பிறகு, ஆங்கிலேயரிலேயே பலருக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனாலும் அகராதியில் அது பத்திரமாக இருக்கிறது. நம் தோல் தொழிலில் குழியிலும் டிரம்மிலும் மண்டியிலும் தமிழும் உருதும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் சொற்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தோல் வேலை செய்த தாத்தாவோ அத்தாவோ பெரியம்மாவோ இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கருவிக்கு என்ன பெயர், எந்தப் பக்குவத்தை எப்படிச் சொல்வார்கள், தரம் பிரிக்கும்போது என்ன சொல்வார்கள் என்று எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம், திருத்திக்கொள்கிறோம். அடுத்த இதழ் முதல் ஒரு பக்கத்தை அந்தச் சொற்களுக்கென்றே ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்