பூட்ஸுக்குள் சூடான அரிசி

வளர்ற பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்கு என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. பள்ளிச் சட்டைக்கு அது சரி. பனிச்சறுக்குப் பூட்ஸுக்குச் சரியே இல்லை என்பது என் கட்சி.

நமக்கெதற்கு இது என்பீர்கள். நம் ஊரில் எத்தனை பேருக்குப் பேரப்பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள்! என் மகன் குடும்பம் கிரெனோபிளில். 1968-ல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். பிப்ரவரி விடுமுறை வந்தால் பிள்ளைகள் மலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அந்தப் பூட்ஸுக்கு வெளியே கெட்டியான பிளாஸ்டிக் கூடு, உள்ளே மெத்தென்ற உறை. உறைக்குப் பிரெஞ்சில் ஷோசோன் என்று பெயர். ஆப்பிள் வைத்துச் சுடும் பலகாரமும் ஷோசோன்தான். அதனால்தானோ என்னவோ, சிலர் இதையும் அவனில் வைத்துவிடுகிறார்கள்!

பதினாலு வயதுப் பேத்திக்கு உறவினர் ஒருவர் ஆசையாகப் பெரிய பூட்ஸ் வாங்கித் தந்தார். உள்ளே கால் ஆடியது. ஆடாமலிருக்கக் கொக்கிகளை இறுக்கினாள். ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மரத்துப்போயின. "விரல் இருக்கா இல்லையான்னே தெரியல தாத்தா, இனிமே போகமாட்டேன்" என்றாள். பிள்ளையின் ஆசையே போய்விட்டது பாருங்கள்.

முதலில் கூடு சரியாக வேண்டும். உறையை உருவிவிட்டு வெறும் கூட்டில் காலை விட்டு, விரல் முன்னே தொடும்படி நின்றால், குதிகாலுக்குப் பின்னே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் போதும். அதற்குமேல் இருந்தால் எந்த வைத்தியமும் பலிக்காது, மாற்றத்தான் வேண்டும். மகன் அளவான பழைய பூட்ஸ் ஒன்று தேடிப்பிடித்தான்.

பிறகுதான் சூடு. சூட்டில் இளகும் வகை உறைதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், எல்லா உறையும் இளகாது. பருத்திக் காலுறையில் பச்சரிசியைக் கட்டி, மைக்ரோவேவில் சூடாக்கி, உறைக்குள் பத்து நிமிடம் வைத்தான். நைலான் காலுறை உருகிவிடும், வேண்டாம். அரிசியை எடுத்ததும் பேத்தி விரல்நுனியில் சிறு பஞ்சுத்தொப்பி, மேலே மெல்லிய காலுறை அணிந்து காலை நுழைத்தாள். கொக்கியை லேசாகப் போட்டு, ஆடாமல் பத்து நிமிடம் நின்றாள். பஞ்சு இருந்த இடத்தில் விரலுக்கு இடம் கிடைத்துவிடும்.

கடையில் செய்வதே மேல் என்பார்கள். கணுக்காலில் எலும்பு துருத்திய கால் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். சாதாரணக் காலுக்கு வீடே போதும். அவன் மட்டும் வேண்டாம். அதன் சூட்டுக்கம்பி உறையைப் பொசுக்கிவிடும். அரிசி அப்படிச் செய்யாது.

ஆனால் அந்த அரிசியை உலையில் போட்டுவிடாதீர்கள்.