சட்டம் உக்கினால் பெயின்ற் தாங்குமோ?

பழைய வான் ஒன்று விலைக்கு வந்தால் எங்கட ஆட்கள் முதலில் என்ன பார்க்கினம்? பெயின்ற் மினுங்குதா, சீற் கவர் புதுசா, ஏசி குளிருதா, செட் நல்லாப் பாடுதா. குனிஞ்சு அடியைப் பார்க்கிறவர் எத்தனை பேர்? கறளை அழகுப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிற இந்தப் பழக்கம் உயிர் எடுக்கக்கூடியது என்கிறோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழசுகளின் விலை ஏறியது. தொண்ணூறுகளில் செய்த கரவனும் டொல்பினும் இன்றைக்கும் ஹயருக்கு ஓடுகின்றன. ஓடட்டும். பழசைத் திருத்திப் பாவிப்பது எங்கட கெட்டித்தனம். ஆனால் திருத்துவது வேறு, மறைப்பது வேறு.

இரும்பும் தண்ணியும் காற்றும் சேர்ந்தால் கறள். உப்பும் சேர்ந்தால் அது இன்னும் வேகம். பண்ணைப் பாதையாலும் பொன்னாலைப் பாதையாலும் தினம் ஓடுகிற வானுக்கு உப்புக்கு என்ன குறை? கறள் இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். பெயின்ற் கொப்பளிப்பது அதனால்தான். சட்டங்கள் உள்ளே வெறுமையான பெட்டி மாதிரி. வடிகால் துளைகளைச் சேறு அடைத்தால் தண்ணி உள்ளேயே தேங்கும். வெளியில் சின்னக் கொப்புளம் தெரிகிற நேரம் உள்பக்கம் பாதி போயிருக்கலாம்.

அதுக்கு மேல பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ற் அடித்தால் கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனால் பட்டி பாரம் சுமக்காது. சீற் பெல்ற்றின் போல்ற்றும் ஸ்பிரிங் கொழுவிற இடமும் அந்த இரும்பை நம்பித்தான் நிற்கின்றன. இரும்பு உக்கிப்போனால் பெல்ற் கட்டி என்ன பிரயோசனம்?

ஒழுங்கான வேலை எப்படி இருக்கும்? ஸ்க்ரூ டிரைவரால் குத்தி, சுத்தியலால் தட்டி, கறள் எதுவரை போயிருக்கு என்று பார்க்கவேணும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டவேணும். வெட்டமுதல் முட்டுக் கொடுக்காவிட்டால் பொடி தொய்ந்துபோகும். பற்றறியைக் கழற்றி, எரிபொருள் தாங்கியையும் அகற்றிய பிறகுதான் வெல்டிங். அதே தடிப்பில் புதுத் தகடு வைத்து, நாலு புள்ளியோடு விடாமல் விளிம்பு முழுக்க ஒட்டவேணும். ஒரேயடியாய் இழுத்தால் சூட்டில் தகடு நெளியும், விட்டுவிட்டுச் செய்யவேணும். பிறகு துத்தநாகப் பிரைமர், சட்டத்தின் உள்ளே மெழுகு. வடிகால் துளைகள் திறந்தே இருக்கவேணும்.

"இதுக்கெல்லாம் காசுக்கு எங்க போறது தம்பி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கட பதில்: பெயின்றை நிறுத்துங்கோ. கையில் இருக்கிற காசு முதலில் அடிக்குப் போகட்டும். பிரைமர் திட்டுத்திட்டாய்த் தெரிகிற வானில் ஏற எங்களுக்கு வெட்கமில்லை. டிங்கர் வேலை செய்கிற அண்ணைமாரை மட்டும் குறை சொல்லவும் நாங்கள் தயாரில்லை. மூன்று நாள் வானுக்குக் கீழே படுத்துச் செய்த வெல்டிங்குக்குப் பேரம் பேசுகிறோம், மினுக்கத்துக்கு மட்டும் கேட்ட காசைக் கொடுக்கிறோம். பிறகு அவர் எதைச் செய்வார்?

அரசாங்கத்துக்கும் பங்கு இருக்கு. வருடாவருடம் வரிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள். நல்லது. ஆனால் புகைக்குழாயில் செருகுகிற கருவிக்கு உக்கின சட்டம் தெரியாது. பிரித்தானியாவின் வருடாந்தப் பரிசோதனையில் பெல்ற், சஸ்பென்ஷன் பொருத்துகிற இடங்களிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் சட்டம் பலமிழந்திருந்தால் வாகனம் தேறாது. அந்த இடத்தில் பட்டி பூசி ஏமாற்றவும் ஏலாது. அப்படி ஒரு சோதனை எங்கட வான்களுக்கும் வேணும். அதோடு, திருத்துகிறவனுக்குக் கடனும் வேணும். கடன் இல்லாத சோதனை ஏழையின் வானைத்தான் றோட்டிலிருந்து இறக்கும்.

அதுவரை சட்டம் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கோ மடுவுக்கோ வான் பேசும்போது வாடகையை மட்டும் கேட்காதேங்கோ. "அண்ணை, அடி எப்பிடி?" என்றும் கேளுங்கோ. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது வானாவது பட்டிக்கு முதல் வெல்டிங்குக்குப் போகும்.