மாரிகாலத்தில் நடப்பது



இவ்வாரத் தியானப் பகுதி: யோவான் 10:22-23, 2 தீமோத்தேயு 4:9-21.

மார்கழி, தை மாதங்களில் மாலை நேர வீடு சந்திப்பை நிறுத்தி வைக்கலாமா என்ற கேள்வி நம் மூப்பர் கூட்டத்தில் எழுந்திருக்கிறது. ஐந்தரை மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிப் பாதையை மறைத்துவிடுகிறது. நடந்து செல்கிறவர்களில் பாதிப்பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இருமலும் மூட்டுவலியும் இக்காலத்தில்தான் கூடுகின்றன. ஆகையால் மாசி பிறக்கும்வரை வாட்ஸ்அப் வழியாக ஜெபித்துக்கொள்வோம், அவசரமானால் ஜீப்பில் போய் வருவோம் என்பது சிலருடைய யோசனை. அது அன்பினால் எழுந்த யோசனை, சோம்பலினால் எழுந்ததன்று. ஆயினும் எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டத்தில் நேரம் போதாமையால் சொல்லாமல் விட்டதை இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

யோவான் தம் சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில், போகிறபோக்கில் ஒரு சிறு குறிப்பைத் தருகிறார். எருசலேமில் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை நடக்கிறது. கி.மு. 164இல், அந்நியரால் தீட்டுப்படுத்தப்பட்ட ஆலயத்தை மக்கபேயர் மீட்டுச் சுத்திகரித்ததை நினைவுகூரும் பண்டிகை அது. ஏறக்குறைய நம் டிசம்பர் மாதத்தில் வரும். அது மாரிகாலம் என்று யோவான் தனியே எழுதுகிறார். ஆலயத்தின் கிழக்குப் புறத்தில் கூரையிட்டுத் தூண்கள் நிரையாய் நின்ற சாலொமோனின் மண்டபத்தில் நம் ஆண்டவர் நடந்துகொண்டிருந்தார் என்றும் எழுதுகிறார். எருசலேம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் உள்ள மலை நகரம். நம் கொல்லிமலை அதைவிட உயரம்; பல ஊர்கள் 1000 மீட்டருக்கும் மேலே இருக்கின்றன. ஆகவே அந்த மண்டபத்துக் குளிர் எப்படிப்பட்டது என்பதைச் சென்னைவாசிகளைக் காட்டிலும் நாம் நன்றாய் அறிவோம். ஒரு சிறு குறிப்பின்மேல் பெரிய உபதேசத்தைக் கட்டி எழுப்பக்கூடாது என்று இறையியல் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். நானும் கட்டப் போவதில்லை. குளிர்காலத்திலும் அவர் மனிதர் நடமாடும் இடத்தில் நடந்துகொண்டிருந்தார். அவரைத் தேடியவர்கள் அங்கேயே அவரைக் கண்டு பேசினார்கள். அவ்வளவுதான்.

இனி நம் மலைக்கு வருவோம்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இன்று பேருந்தில் செம்மேட்டில் வந்து இறங்குகிறோம். ஜெஸ்ஸி பிராண்ட் ஐயரும் அவர் மனைவி எவ்லின் அம்மையாரும் 1913இல் மணமுடித்து இம்மலையில் குடியேறியபோது இந்தப் பாதை கிடையாது. ஒற்றையடித் தடத்தில் காலால் ஏறவேண்டும். இயலாதவர்களை டோலியில் சுமந்து வருவார்கள். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த அவ்விருவரும் வாழவந்தி நாட்டில் தங்கினார்கள். ஐயர் கட்டிய மரவீடு தூண்களின்மேல் நின்றது. கறையான் ஏறாதபடி ஒவ்வொரு தூணின் தலையிலும் உலோகத் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார். அவர் முழு மருத்துவர் அல்லர். அடிப்படைப் பயிற்சி மட்டும் பெற்றவர். ஆனால் பல் பிடுங்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, தச்சு வேலை கற்பிப்பது, பள்ளிக்கூடம் நடத்துவது என்று அவர் கை படாத வேலை இல்லை.

முதல் சில ஆண்டுகளில் அவர்கள் சொன்ன சுவிசேஷத்தை ஏற்றவர் எவருமில்லை. அவர்களைக் கடுமையாய் எதிர்த்த பூசாரி ஒருவர் காய்ச்சலில் விழுந்தார். வேறெவரும் அருகில் வரத் துணியாதபோது இவர்கள் இருவரும் அவர் வீட்டுக்குச் சென்று பணிவிடை செய்தார்கள். சாகும் தறுவாயில் அவர் தம் பெண்குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். மலைமக்களின் மனம் திரும்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒரு கதவு திறந்தது. திறந்தது ஒரு வீட்டின் கதவு என்பதைக் கவனியுங்கள்.

இவர்கள் செய்த வேலைகளில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது நரம்புச் சிலந்தி நோய்க்கு எதிராகச் செய்தது. இளையோர் அந்தப் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டீர்கள். குடிநீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஒன்றினுள் இப்புழுவின் குஞ்சு இருக்கும். அந்த நீரைக் குடித்தவர் உடம்பில் அது ஏறக்குறைய ஓராண்டு வளர்ந்து, முழ நீளத்துக்கும் மேலான புழுவாகிக் காலிலே கொப்புளம் கிளப்பி வெளியே தலைநீட்டும். எரிச்சல் தாங்காமல் நோயாளி கிணற்றில் காலை வைப்பார். அந்த நொடியில் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். அதே நீரை ஊர் குடிக்கும். புழுவைப் பிடித்து இழுத்தால் அறுந்து உள்ளே சீழ் வைக்கும். சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வாரக்கணக்கில் பொறுமையாய் வெளியே எடுக்கவேண்டும்.

ஜெஸ்ஸி ஐயர் அந்தக் குச்சியோடு வீடு வீடாய்ப் போனார். ஆனால் புழுவை எடுப்பதோடு நின்றிருந்தால் இன்னும் நூறாண்டு எடுத்துக்கொண்டே இருந்திருப்பார். ஆகவே, கால் வைத்து இறங்க முடியாதபடி கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பவும், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கவும் மக்களுக்குக் கற்பித்தார்கள். குடத்தின் வாயில் ஒரு துணி. இதைத் தினமும் செய்யவேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் செய்யவேண்டும், ஒருநாளும் மறக்கக்கூடாது. மேடையிலிருந்து ஒருமுறை அறிவித்து முடித்துவிடக்கூடிய காரியமா அது? போய்ப் பார்க்கவேண்டும், துணி கிழிந்திருந்தால் வேறு துணி கட்டச் சொல்லவேண்டும், அடுத்த வாரம் மறுபடியும் போய்ப் பார்க்கவேண்டும். பின்னாளில் நம் நாடு முழுவதும் அரசு இதே வழிகளைக் கைக்கொண்டது. 1996க்குப் பின் இந்தியாவில் அந்நோய் காணப்படவில்லை. 2000இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை அந்நோயற்ற நாடாக அறிவித்தது. இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. வீட்டு வழக்கம் ஒன்று மாறியது. நடந்து போய்ச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

1929 ஜூன் மாதத்தில் ஜெஸ்ஸி ஐயர் மலேரியாவின் கொடிய வகையான கருநீர்க் காய்ச்சலில் இம்மலையிலேயே மரித்தார். பிள்ளைகள் இருவரும் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரே பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர் பால் பிராண்ட். எவ்லின் அம்மையார் மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றவர் சொந்த நாடு திரும்பவில்லை, மலையேறினார். கொல்லிமலையோடு நில்லாமல் பச்சைமலை, கல்வராயன் மலை என்று அடுத்தடுத்த மலைகளுக்கும் போனார். விழுந்து எலும்பு முறிந்தபின் இரு கைகளிலும் மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். நடக்க முடியாத தூரத்துக்கு மட்டக்குதிரை. கடைசி இருபது ஆண்டுகளாக அவர் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974 டிசம்பரில், இதே பனிக்காலத்தில், 95ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அம்மையார் நடந்தார், ஆகவே நீங்களும் நடங்கள் என்று உங்களை வெட்கப்படுத்துவதற்காக இதை நான் எழுதவில்லை. எல்லாருக்கும் அந்த எலும்பு வாய்ப்பதில்லை. இம்மலையில் சுவிசேஷம் எந்த வேகத்தில் வந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அது நடைவேகத்தில் வந்தது. அந்த வேகத்தில் வருகிறவருக்குத் தெரிகிற சில காரியங்கள் வேறு வேகத்தில் வருகிறவருக்குத் தெரிவதில்லை.

சென்ற தை மாதத்தில் நிகழ்ந்ததை அந்தத் தாயாரின் அனுமதியோடு சொல்லுகிறேன். நம் பெண்கள் சங்கத்துச் சகோதரிகள் இருவர், பகலெல்லாம் காப்பிப் பழம் பறித்துவிட்டு, மாலை ஐந்து மணியளவில் மேட்டுத் தடத்தின் வழியே வேறொரு வீட்டு ஜெபத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மேலேயிருந்து பார்த்தால் ஒவ்வொரு ஓட்டுக்கூரையின் இடுக்கிலிருந்தும் அடுப்புப் புகை கசிவது தெரியும். கேஸ் அடுப்பு வந்தபின்னும் வயதானவர்கள் வெந்நீர் வைக்கவும் குளிர் காயவும் விறகடுப்பைத்தான் மூட்டுகிறார்கள். ஒரு வீட்டின் கூரையில் மட்டும் புகையில்லை. வாசலில் காயப்போட்ட மிளகு, பனியில் நனைய அப்படியே கிடந்தது. "இந்நேரத்துக்கு மிளகை அள்ளாம இருக்க மாட்டாங்களே அக்கா" என்று இளையவர் சொல்ல, இருவரும் தடம் மாறி இறங்கிப் போனார்கள். அத்தாயார் இரண்டு நாளாய்க் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். அவர் வாங்கிக் கொடுத்த கைப்பேசி சார்ஜ் இல்லாமல் மாடத்தில் இருந்தது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய எண்ணும் இருக்கிறது. அன்று காலை நாம் அனுப்பிய வேதவசனமும் அந்த எண்ணுக்குப் போய்ச் சேராமல் காத்திருந்தது.

அன்று இரவே அவரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்தார்கள். அதற்கு ஜீப்தான் உதவியது. ஜீப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தார்ச்சாலையில் போகும் ஜீப்புக்கு அந்தக் கூரை தெரியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, மஞ்சள் விளக்கைப் போட்டு, பனியில் பத்தடி தூரம் பார்த்துக்கொண்டு போகிறவர், புகை எழாத வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பார்?

மாற்கு முதலாம் அதிகாரத்தில் கப்பர்நகூம் என்னும் சிற்றூரில் நம் ஆண்டவர் கழித்த ஒருநாள் விவரிக்கப்பட்டிருக்கிறது. ஜெபஆலயத்தை விட்டு நேரே சீமோனின் வீட்டுக்குப் போகிறார். அங்கே மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கிறார். அந்த வீட்டுக்குள் கால் வைத்ததனால் அல்லவா உடனே அவருக்கு அதைச் சொன்னார்கள்? காய்ச்சல் நீங்கியவுடன் அந்த அம்மாள் எழுந்து செய்தது அன்றாட வீட்டு வேலை: வந்தவர்களுக்குப் பணிவிடை. பிரசங்க மேடைக்கும் அடுப்படிக்கும் நடுவே நாம் போட்டிருக்கும் தூரம் அந்த அதிகாரத்தில் காணப்படவில்லை.

பவுல் அப்போஸ்தலன் சிறையிலிருந்து எழுதிய நிருபத்தின் கடைசிப் பகுதியையும் இந்த வாரம் குடும்பமாய் வாசியுங்கள். துரோவாவில் கார்ப்பு என்பவர் வீட்டில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். மாரிகாலத்துக்குமுன் வந்துவிடும்படி தீமோத்தேயுவை வேண்டுகிறார். அக்காலத்தில் குளிர்காலம் தொடங்கினால் மத்தியதரைக் கடலில் கப்பல் போக்குவரத்து ஏறக்குறைய நின்றுபோகும். பிந்தினால் வசந்தம்வரை வர இயலாது. அதுவரை பவுல் உயிரோடிருப்பாரா என்பதும் உறுதியில்லை. இத்தனை நிருபங்களை எழுதி, எழுத்தின் வல்லமையை அறிந்த மனிதர் அவர். அவரே குளிர்காலம் வருமுன் கடிதம் போதாது, ஆள் வரவேண்டும், கையில் ஒரு போர்வையும் வரவேண்டும் என்று கேட்கிறார்.

மூப்பர்கள் எழுப்பிய தடைகள் உண்மையானவை. அவற்றுக்குப் பதில் சொல்லாமல் வசனத்தை மட்டும் காட்டுவது நியாயமாகாது. ஆகையால் என் ஆலோசனை இதுதான். தை முடியும்வரை சந்திப்பை மாலை ஆறரையிலிருந்து நான்கு மணிக்கு மாற்றுவோம். அறுபதைக் கடந்தவர்கள் தங்கள் தெருவுக்குள் இருக்கும் வீடுகளை மட்டும் ஏற்றுக்கொள்ளட்டும். தூரத்து வீடுகளுக்கு வாலிபர் சங்கத்தார் இருவர் இருவராய்ப் போகட்டும். நான்கு மணிக்குக் காப்பித் தோட்டத்து வேலை முடியாது என்பது எனக்குத் தெரியும். தோட்டத்திலேயே நின்று ஜெபிப்போம். பழம் பறிக்கும் கை பறித்துக்கொண்டே இருக்கட்டும். ஜெபம் பத்து நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். போகிற வீட்டில் தேநீரோ கடுங்காப்பியோ கொடுத்தால் அடுப்பருகே உட்கார்ந்து குடியுங்கள்; நேரமாகிறது என்று வாசலிலிருந்தே திரும்பிவிடாதீர்கள். விறகு இருக்கிறதா, கம்பளி போதுமா, மாத்திரை தீர்ந்துவிட்டதா, கைப்பேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். வாட்ஸ்அப் ஜெபமும் தொடரட்டும். திருப்பூரிலும் ஈரோட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது வேண்டும்.

நம் சபைக் குடும்பங்களில் முதியவர் தனியே வசிக்கும் வீடுகள் 14 என்று பெண்கள் சங்கச் செயலாளர் கணக்கெடுத்துத் தந்திருக்கிறார். அப்பட்டியல் ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடம் இருக்கும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அப்போது கொடுக்கலாம். கம்பளி வாங்கச் சேர்ந்த காணிக்கையில் மீதம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ராசிபுரம் போகிறவர்கள் யாரேனும் இருந்தால் தெரிவியுங்கள். முதல் நடை வரும் புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆலய வாசலிலிருந்து புறப்படும். மேட்டுத் தடத்தின் வழியாகவே போவோம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்