மறுவருஷத்து எரு

"ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்" என்பது குடியானவர்களின் பழமொழி. ஆட்டுப் புழுக்கையின் சத்து போட்ட வருஷமே பயிருக்குக் கிட்டும். மாட்டுச் சாணத்தின் பலன் மெல்லத்தான் தெரியும். நிலத்தைப் பேணுகிறவருக்குப் பொறுமை வேண்டும் என்பது இதன் கருத்து. ஆனால் பொறுமை மட்டும் போதுமா? மறுவருஷம் அந்த நிலம் அவர் கையில் இருக்க வேண்டாமா?

காவிரிப் பாசனத்தில் ஒரு குடும்பம். சொந்தத்தில் 2 ஏக்கர், குத்தகையில் 3 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த வயலில் கோடை மழைக்கு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுகிறார்கள். இராமநாதபுரம் சீமையிலிருந்து வரும் கீதாரிகளை அழைத்துக் கிடை போடுகிறார்கள். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே உளுந்து தெளிக்கிறார்கள். வரப்புக்கு அப்பாலுள்ள குத்தகை வயலுக்கோ யூரியா மூட்டைதான்!

இதற்காக அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. குத்தகை வாய்ப்பேச்சோடு நிற்கிறது. வருஷம் முடிந்தால் நிலம் யார் கைக்குப் போகுமோ? 'வண்டி வண்டியாக நாங்கள் அடிக்கும் எரு அடுத்தவர் பயிருக்கா?' என்று அவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

சட்டம் இல்லாமல் இல்லை. சாகுபடிக் குத்தகைதாரரைப் பாதுகாக்கும் சட்டம் 1955-லும், குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் 1969-லும் வந்தன. ஆயினும், பதிந்தால் நிலம் திரும்பாதோ என்று உடையவர் அஞ்சுகிறார். பதியச் சொன்னால் உள்ளதும் போய்விடுமோ என்று உழுபவர் அஞ்சுகிறார். இருவர் அச்சத்துக்கும் நடுவே மெலிவது மண்தான்.

தமிழக அரசு 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது நல்ல காரியம். ஆனால் அங்ககச் சான்று கிடைக்க, நெல் போன்ற பயிர்களுக்கே இரண்டு வருஷ மாறுதல் காலம் கழிய வேண்டும். ஒரு வருஷக் குத்தகைக்காரர் அதுவரை எப்படிக் காத்திருப்பார்?

ஆகவே, ஐந்தாறு வருஷத்துக்கு எழுத்து மூலமான குத்தகை வேண்டும். கெடு முடிந்ததும் நிலம் திரும்பும் என்ற உறுதி உடையவருக்கு. இடையில் வெளியேற்றினால் போட்ட எருவுக்கு ஈடு உழுபவருக்கு. இதற்கு அரசு பொறுப்பேற்க வேண்டும். உடையவருக்கும் நஷ்டமில்லை, வளம் கூடிய பூமியல்லவா அவரிடம் திரும்பி வருகிறது!

மண்ணை நேசிக்கும்படி குடியானவருக்கு உபதேசம் தேவையில்லை. மறுவருஷம் அவருக்கு நிச்சயமானால், மாட்டு எரு தானே வயலுக்கு வந்து சேரும்.